கேத்ரினின் வலது கை

ராகலை
03.12.2023

கர்த்தருக்குள் பிரியமான அக்காவுக்கு, தம்பி பத்திநாதன் எழுதுவது. நாங்கள் மூவரும் சுகம். நீங்களும் மச்சானும் லோஜினியும் சுகமாக இருக்க ஜெபிக்கிறோம். மச்சானின் முழங்கால் வலி குறைந்ததா?

சுகம் என்று எழுதிவிட்டேன், அது முழு உண்மை இல்லை. சுதர்ஷினிக்கு வயிற்றில் கட்டி. பதினெட்டாம் தேதி நுவரெலியா ஆஸ்பத்திரியில் ஆப்பரேஷன். நான் லொறியையும் விட முடியாது, அவளையும் விட முடியாது. கேத்ரினை வருஷக் கடைசி வரை நீங்கள் வைத்துக்கொள்வீர்களா? தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் நாள் முழுக்க ஊரார் குழந்தைகளைப் பார்ப்பவர் நீங்கள். உங்களைவிட நம்பிக்கையாக ஒப்படைக்க எனக்கு வேறு ஆள் இல்லை.

போன வருஷம் நாம் இருவரும் போனில் கத்தியது போதும். அதனால்தான் எழுதுகிறேன். எழுதினால் எனக்கு வாய் தடிப்பதில்லை. உங்கள் லயத்தில் சிக்னலும் கிடைக்காது.

ஒரே ஒரு வேண்டுகோள். அவளை நத்தாரில் சேர்க்க வேண்டாம். பூசை, குடில், புது உடுப்பு, பட்டாசு எதுவும் வேண்டாம். பிடிவாதம் என்று நினைக்காதீர்கள். இயேசு எந்த நாளில் பிறந்தார் என்று வேதத்தில் இல்லை. பிறந்தநாளைக் கொண்டாடச் சொல்லி அவர் கேட்கவும் இல்லை. அப்பத்தையும் பாத்திரத்தையும் எடுத்துத் தம் மரணத்தை நினைக்கத்தான் சொன்னார். முதல் விசுவாசிகள் அந்த நாளை அறியவே இல்லை. சூரியனைக் கும்பிட்டவர்களின் திருநாளுக்கு மேல் பிறகு ஒட்டியதுதான் டிசம்பர் இருபத்தைந்து என்று எங்கள் சபையில் நம்புகிறோம். மேலும், நான் எத்தனை நத்தாரை எப்படிக் கழித்தேன் என்று உங்களுக்குத் தெரியும். வாசலில் விழுந்து கிடந்த என்னை இழுத்துப்போட்டது நீங்கள்தானே.

அவளுக்கு ஒன்பது வயது. இரண்டு வீட்டில் இரண்டு விதமாக இருந்தால் குழம்பிப் போவாள். உங்கள் வார்த்தை எனக்குப் போதும்.

உங்கள் தம்பி,
பத்திநாதன்

*

நோர்வூட்
09.12.2023

சேசு மரி சூசை துணை.

அன்புள்ள தம்பிக்கு அக்கா தெரேசா எழுதுவது. இங்கு மூவரும் சுகம். மச்சானின் முழங்கால் இந்தக் குளிருக்கு நீட்டி மடக்க விடுவதில்லை. சுதர்ஷினியின் செய்தி படித்து மனம் கலங்கியது. அவளுக்காக ஒன்பது நாள் செபம் தொடங்கியிருக்கிறேன். அதையாவது வேண்டாம் என்று சொல்லாதே.

கேத்ரினைக் கேட்கவும் வேண்டுமா? கொண்டு வந்து விடு. லோஜினி இப்போதே கட்டிலில் பாதியை ஒதுக்கிவிட்டாள்.

மற்ற விஷயம். நம் அப்பா கோயிலில் மணி அடித்தவர் என்பதை நீ மறந்தாலும் நான் மறக்கவில்லை. ஆனாலும் நீ குடியை விட்டது அந்தச் சபைக்குப் போன பிறகுதான். அதை இல்லையென்று சொன்னால் எனக்குப் பாவம். உன் பிள்ளை, உன் முடிவு. அவளை நத்தாரில் சேர்க்க மாட்டேன். வார்த்தை தருகிறேன்.

ஸ்வெட்டர் இரண்டு கொடுத்து அனுப்பு.

அன்புடன்,
அக்கா

*

ராகலை
06.01.2024

கர்த்தருக்குள் பிரியமான அக்காவுக்கு, பத்திநாதன் எழுதுவது. சுதர்ஷினி எழுந்து நடக்கிறாள். கட்டியில் பயப்பட ஒன்றும் இல்லையாம். உங்களுக்குத் தனியாகத் தோத்திரம் சொல்லச் சொன்னாள்.

அன்று கூட்டிப்போக வந்தபோது கேத்ரினின் கையில் இருந்த கட்டைப் பார்த்து நான் முகம் சுளித்தேன். அதை மனதில் வைக்காதீர்கள். அடுப்படியில் வெந்நீர் கவிழ்வது எந்த வீட்டில் நடக்காது? "அத்தை மேல ஒரு தப்பும் இல்லப்பா, நான்தான் தட்டி விட்டேன்" என்று வழி முழுக்கச் சொல்லிக்கொண்டு வந்தாள். முழங்கைப் பக்கம்தான் இன்னும் ஆறவில்லை. இரவல் கை மாதிரி மடித்தே வைத்திருக்கிறாள்.

நீங்கள் வார்த்தையைக் காப்பாற்றியதற்கு எப்படி நன்றி சொல்வது? போன ஞாயிறு சபையில் எழுந்து நின்று சொன்னேன். நம்பிக்கை வேறாக இருந்தும் என் அக்கா என் பிள்ளையின் மனச்சாட்சியை மதித்தார் என்றேன். மூப்பர் ஆண்டியப்பன் ஐயா கண் கலங்கிவிட்டார்.

தெரிந்த லொறியில் லீக்ஸும் கரட்டும் ஒரு பை அனுப்பியிருக்கிறேன். மச்சானுக்குத் தைலமும் உண்டு.

உங்கள் தம்பி,
பத்திநாதன்

*

நோர்வூட்
29.01.2024

சேசு மரி சூசை துணை.

அன்புள்ள தம்பிக்கு, மரக்கறியும் தைலமும் கிடைத்தன. சுதர்ஷினி பாரம் தூக்கக் கூடாது என்று சொல். இங்கு எல்லோரும் சுகம்.

இனி எதுவும் அனுப்பாதே. உங்கள் சபையில் என்னைப் பற்றிப் பேசவும் வேண்டாம். எனக்கு அது கூச்சமாக இருக்கிறது.

கேத்ரினின் கை எப்படி? கையை நீட்டுகிறாளா? அதை மட்டும் எழுது.

அக்கா

*

ராகலை
11.03.2024

அன்புள்ள அக்காவுக்கு, பத்திநாதன் எழுதுவது. நலம். உங்கள் நலம் அறிய ஆவல்.

கை நீளவில்லை. புண் ஆறியதும் முழங்கையின் உள்பக்கத்துத் தோல் சுருங்கி இழுத்துப் பிடித்துவிட்டது. பள்ளியில் இடது கையால் எழுதப் பழகுகிறாள். நுவரெலியாவில் டாக்டர் பார்த்தார். தொடக்கத்திலேயே ஆஸ்பத்திரியில் காட்டி, கையை நீட்டி வைத்துக் கட்டியிருந்தால் இவ்வளவு வந்திருக்காது என்றார். எந்தத் தேதியில் பட்டது, எதனால் பட்டது, எத்தனை நாள் கழித்து மருந்து கட்டினார்கள் என்று கேட்டார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

நீங்கள் எழுதுங்கள் அக்கா. எந்த நாள்? எப்படி நடந்தது? யோசித்து, நடந்ததை அப்படியே எழுதுங்கள்.

பத்திநாதன்

*

நோர்வூட்
02.04.2024

சேசு மரி சூசை துணை.

அன்புள்ள தம்பிக்கு, சுகம். பெரிய வெள்ளி, பாஸ்கு எல்லாம் முடிந்தது. அந்த நாட்களில் எழுத முடியவில்லை.

நீ கேட்டது. இருபத்தாறாம் தேதி காலை. தேத்தண்ணிக்கு வைத்த கேத்தல். நான் மாவு பிசைந்துகொண்டு திரும்பி நின்றேன். அவள் எட்டிப் பிடித்திருக்கிறாள். மறுநாளே தோட்டத்து டிஸ்பென்சரியில் மருந்து கட்டினோம். இவ்வளவுதான் எனக்கு நினைவு.

பிள்ளைக்குத் தேங்காய் எண்ணெய் தடவி உருவி விடுங்கள். அவளுக்கு என் முத்தம்.

அக்கா

*

ராகலை
04.08.2024

அன்புள்ள அக்காவுக்கு,

கேத்ரினுக்கு இருபத்தேழாம் தேதி கண்டியில் ஆப்பரேஷன். தொடையில் தோல் எடுத்து முழங்கையில் வைத்துத் தைப்பார்களாம். சுதர்ஷினி கூட நிற்பாள்.

உங்களுக்குச் சொல்ல வேண்டும் என்பதால் எழுதினேன்.

பத்திநாதன்

*

நோர்வூட்
09.08.2024

சேசு மரி சூசை துணை.

தம்பி பத்திநாதனுக்கு,

சுகம் கேட்க எனக்கு வாய் இல்லை. வெந்நீர் கொட்டவில்லை. கேத்தல் இல்லை. இருபத்தாறாம் தேதியும் இல்லை. நத்தார் அன்று மாலை ஆறு மணிக்கு, நான் வாங்கிக் கொடுத்த கம்பி மத்தாப்பில், நான் வாங்கிக் கொடுத்த கவுனில் நெருப்புப் பிடித்தது.

அந்தக் கவுனை எப்போது வாங்கினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். வார்த்தை தருகிறேன் என்று உனக்கு எழுதித் தபால் கந்தோரில் போட்டேனே, அன்றே, கந்தோர்ப் படியிறங்கி நேராகக் கடைக்குப் போய் வாங்கினேன். ரோஸ் நிறம், கையில் நைலோன் வலை வைத்தது. ஆகவே பிள்ளையின் முகத்தைப் பார்த்து மனம் மாறினேன் என்று சொல்லித் தப்ப முடியாது. முதலிலேயே உன்னை ஏமாற்ற நினைத்துத்தான் எழுதினேன். உன் பிள்ளையை நீ பட்டினி போடுவதாகவும் நான் சோறு போடப்போவதாகவும் எனக்குள் ஒரு பெருமை இருந்தது.

இருபத்து நாலாம் தேதி லோஜினி உடுப்பை இஸ்திரி போடும்போது கேத்ரின் வாசலில் நின்று, "இயேசு சாமிக்கு அவரு பொறந்த நாளு புடிக்காதா அத்தை?" என்று கேட்டாள். நான் கவுனை எடுத்துக் காட்டினேன். அவள் தொடவில்லை. "அப்பா ஏசுவாரு" என்றாள். "அப்பாவுக்குத் தெரியாது" என்றேன். காலையில் நானே அந்தக் கவுனைப் போட்டுவிட்டுக் கோயிலுக்குக் கூட்டிப் போனேன். லோஜினி பக்கத்தில் நின்று பாடினாள். கேத்ரின் தெரியாத பாட்டுக்கும் வாயசைத்தாள்.

மாலையில் லயத்துப் பிள்ளைகள் எல்லோரும் மத்தாப்புப் பிடித்தார்கள். நான் பலகாரத் தட்டோடு பக்கத்து வீட்டு மீனம்மாவிடம் பேசிக்கொண்டு நின்றேன். வெளிச்சம் வந்ததும் திரும்பினேன். கேத்ரினின் கை முழுக்க நெருப்பு. உன் மச்சான்தான் முழங்கால் வலியோடு ஓடி வந்து சாக்கைப் போட்டு அமுக்கினார். வலை உருகித் தோலில் ஒட்டிக்கிடந்தது.

தம்பி, அவள் கத்தவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு, "அப்பாகிட்ட சொல்லாதீங்க அத்தை, அப்பாகிட்ட சொல்லாதீங்க" என்று அதையே சொன்னாள். வலிக்கிறது என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.

டிஸ்பென்சரி அன்று பூட்டு. மச்சான், "ஆட்டோ புடிச்சுப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவோம்" என்று இரண்டு தடவை சொன்னார். நான்தான் விடவில்லை. அங்கே போனால் அப்பா அம்மா எங்கே என்று கேட்பார்கள், உனக்குத் தகவல் போகும். பற்பசை தடவினேன். பிள்ளைகளைப் பார்ப்பதற்கென்று சம்பளம் வாங்கும் நான், தீப்புண்ணில் அதைத் தடவக் கூடாது என்று படித்துத் தேறிய நான், தடவினேன். மூன்றாம் நாள் காய்ச்சல் கண்ட பிறகுதான் டிஸ்பென்சரிக்குத் தூக்கிப் போனேன். அதற்கு முன் அவளை உட்கார வைத்து, வெந்நீர் கதையைச் சொல்லிக் கொடுத்தேன். சரியாகச் சொல்கிறாளா என்று இரண்டு தடவை சொல்ல வைத்துப் பார்த்தேன்.

தவக்காலத்தில் பாவசங்கீர்த்தனத்துக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். சாமியார், "தம்பிகிட்ட சொல்லிட்டு வாங்கம்மா" என்றார். பாஸ்கு முடிந்ததும் உனக்கு அந்தக் கேத்தல் கடிதத்தை எழுதினேன். பாஸ்குப் பூசையில் நன்மை அப்பம் வாங்கவில்லை. இன்றுவரை வாங்கவில்லை.

கண்டிக்கு நான் வரலாமா என்று கேட்க மாட்டேன். நீ என்னைத் திட்டி எழுது. எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

தெரேசா

*

நோர்வூட்
15.09.2024

சேசு மரி சூசை துணை.

தம்பிக்கு, உன்னிடமிருந்து கடிதம் இல்லை. ஆப்பரேஷன் நடந்ததா? மேல் ரோட்டு வளைவு வரை ஏறிப்போய் இரண்டு தடவை போன் எடுத்தேன். மணி அடித்தது. மூன்றாவது தடவை எடுக்கத் துணியவில்லை. பிள்ளை எப்படி இருக்கிறாள் என்று ஒரு வரி போதும்.

அக்கா

*

ராகலை
20.10.2024

கர்த்தருக்குள் பிரியமான அக்காவுக்கு, பத்திநாதன் எழுதுவது. நாங்கள் சுகம். ஆப்பரேஷன் நன்றாக முடிந்தது. முழங்கை முக்கால்வாசி நீள்கிறது. பயிற்சி செய்யச் செய்ய மிச்சமும் வரும் என்கிறார்கள். பென்சிலை வலது கையில் பிடித்துவிட்டாள். இதை முன்பே எழுதியிருக்க வேண்டும். மன்னியுங்கள்.

உங்கள் கடிதத்தைப் படித்து நான் அதிரவில்லை. எனக்குப் பெப்ரவரியிலேயே தெரியும்.

ஒரு நாள் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தேன். "அப்பா, வெந்நீர் இல்லப்பா" என்றாள். எல்லாவற்றையும் சொன்னாள். உங்களுக்கு நாலு பக்கம் எழுதினேன். அதைப் போடுவதற்கு முன்பு, "ஏன்டி அப்பவே சொல்லல?" என்று அவளிடம் கேட்டேன். "சொல்லத்தான்பா வந்தேன், போன்ல" என்றாள்.

டிசம்பர் இருபத்தாறாம் தேதி நான் ஆஸ்பத்திரி வாசலில் நின்று மச்சானின் போனுக்கு எடுத்தது உங்களுக்கு நினைவிருக்கும். பேசி வைத்த நேரத்துக்கு மச்சான் அவளைச் சிக்னல் உள்ள மேல் ரோட்டுக்குத் தூக்கி வந்து போனைக் கொடுத்தார். அவள், "அப்பா, எனக்கு" என்று தொடங்கினாள். நான் இடையில் விழுந்து, "நேத்து அத்தை ஒன்ன கோயிலுக்குக் கூட்டிட்டுப் போனாங்களா? பொய் சொல்லாத" என்றேன். "இல்லப்பா" என்றாள். "நல்ல புள்ள" என்று சொல்லி வைத்துவிட்டேன். எரிந்த கையோடு நின்ற பிள்ளையிடம் நான் முதலில் கேட்டது அது. சாப்பிட்டாயா என்றுகூடக் கேட்கவில்லை.

அந்த நாலு பக்கத்தைக் கிழித்துப் போட்டேன். அத்துடன் நிறுத்தியிருந்தால் நல்லவன். மார்ச்சில் உங்களுக்கு எழுதியபோது எனக்கு எல்லாம் தெரியும். டாக்டரிடமும் சொல்லியாகிவிட்டது. தெரியாதவன் போலக் கேட்டேன், நீங்கள் பொய் சொல்கிறீர்களா என்று பார்க்க. கேத்தல் கடிதம் வந்ததும் எனக்குள் ஒரு திருப்தி வந்தது, அக்கா. என் பக்கம் நியாயம், உங்கள் பக்கம் குற்றம் என்று அதை நாலு மாதம் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். சுதர்ஷினி சொன்னாள்: "அவங்க பயத்துல பொய் சொன்னாங்க. நீங்க தெரிஞ்சுகிட்டே குழி தோண்டுறீங்க."

சபையில் மறுபடியும் எழுந்து நின்றேன். போன வருஷக் கடைசி ஞாயிறு சொன்னது தவறு என்றேன், என் பிள்ளை என்னிடம் வலியைக்கூடச் சொல்லப் பயந்தாள் என்றேன். ஆண்டியப்பன் ஐயா என்னைப் பக்கத்தில் உட்கார வைத்தார். பிறகு, "நாளு கிழமைக்கு அடிமையாகக் கூடாதுன்னுதானே நாம விட்டோம். அந்தப் புள்ள இப்ப அந்த நாளுக்குப் பயப்படுதே, தம்பி" என்றார்.

என் நம்பிக்கை மாறவில்லை. நத்தாரை நான் கொண்டாடப் போவதில்லை. ஆனால் டிசம்பர் இருபத்தைந்து எனக்கு வேலை நாள். உங்கள் பக்கத்து அட்டனுக்கு லோடு இருக்கும். கேத்ரினையும் சுதர்ஷினியையும் ஏற்றிக்கொண்டு அப்படியே வரட்டுமா? வந்தால் சோறு போடுவீர்களா?

உங்கள் தம்பி,
பத்திநாதன்

*

நோர்வூட்
02.11.2024

சேசு மரி சூசை துணை.

அன்புள்ள தம்பிக்கு, உன் கடிதத்தை மச்சான் வாசித்தார். என்னால் முழுவதும் வாசிக்க முடியவில்லை.

வாருங்கள். சோறும் கோழிக்கறியும் இருக்கும். கேக் வெட்டி உன் முன்னால் நீட்ட மாட்டேன். குடிலை மூடி வைக்கவும் மாட்டேன். என் வீடு எப்படியோ அப்படியே இருக்கும். இனி எனக்கு ஒளிக்கத் தெம்பில்லை.

அக்கா

*

நோர்வூட்
03.01.2025

சேசு மரி சூசை துணை.

அன்புள்ள தம்பிக்கும் சுதர்ஷினிக்கும் அக்கா எழுதுவது. இங்கு சுகம். பத்திரமாகப் போய்ச் சேர்ந்த செய்தி கிடைத்தது. புது வருஷம் உங்களுக்கு நல்லதாக அமையட்டும்.

நத்தார் அன்று நீங்கள் வந்து போன பிறகு வீடு வெறிச்சென்று ஆகிவிட்டது. அவள் சாப்பிடும்போது அந்தக் கையைப் பார்க்காமல் இருக்க எவ்வளவோ முயன்றேன். தோல் வைத்துத் தைத்த இடம் வேறு நிறமாக இருக்கிறது. கறி போடக் குனிந்தபோது, "இப்ப வலிக்கல அத்தை" என்று அவளாகவே சொன்னாள். என்னைத் தேற்றும் வேலையையும் பிள்ளை தலையில் போட்டுவிட்டேன்.

இதை எழுதக் காரணம் வேறு. லோஜினி கோயில் மைதானத்து நத்தார் விழாவுக்குக் கூப்பிட்டபோது நீ கேத்ரினிடம், "ஆசையா இருந்தா போய்ட்டு வா. அப்பா ஒன்னும் சொல்ல மாட்டேன்" என்றாய். அவள் உன் முகத்தைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள், "வேணாம்" என்றாள். நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். இருவருக்கும் ஒரே நினைப்புத்தான் என்று நினைக்கிறேன். இந்தப் பிள்ளை நிஜமாகவே வேண்டாம் என்கிறதா, பயத்தில் சொல்கிறதா? முன்பென்றால் எனக்கு நிச்சயமாகத் தெரிந்திருக்கும். உனக்கும் நிச்சயமாகத் தெரிந்திருக்கும். அன்று நம் இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

நீ லொறித் தார்ப்பாயைக் கட்டப் போன நேரத்தில் நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். அவள் வந்து பக்கத்தில் நின்றாள். நான் எதுவும் கேட்கவில்லை. கேட்கக் கூடாது என்று இருந்தேன். அவளாகவே சொன்னாள்: "எனக்குப் போக ஆசைதான் அத்தை. ஆனா எல்லாரும் போய்ட்டா அப்பா மட்டும் தனியா உக்காந்திருப்பாருல்ல."

நான் கழுவிய தட்டை வாங்கி அடுக்கிக்கொண்டே, "அப்பாகிட்ட சொல்லாதீங்க" என்றாள்.

என் கை தண்ணீரிலேயே நின்றுவிட்டது. கையைத் துடைத்துக்கொண்டு அவள் முன்னால் குந்தி உட்கார்ந்தேன். "கண்ணு, நான் ஒன்கிட்ட பொய் சொல்ல மாட்டேன். இத நான் அப்பாகிட்ட சொல்லிருவேன்" என்றேன். அவள் அழுவாள் என்று பயந்தேன். தரையைப் பார்த்துக்கொண்டு யோசித்தாள்.

"அப்ப லெட்டர்ல எழுதுங்க. நேர்ல சொன்னா அப்பா அழுவாரு."

எழுதிவிட்டேன்.

அன்புடன்,
அக்கா தெரேசா